வலி முற்றும்வரை காத்திருந்து போடும் மாத்திரை

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 38. பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் எடுக்கிறார். கல்லூரியில் படிக்கும்போது தொடங்கிய ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், இன்னும் விடவில்லை. இடது நெற்றிப்பொட்டில் விண்விண்ணென்று தெறிக்கும், வெளிச்சம் ஆகாது, வகுப்பறைச் சத்தம் ஆகாது, தாளிக்கிற வாசனை வந்தாலே குமட்டும். எப்போதாவது வலிக்கு முன் கண்ணெதிரே வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் தெரியும். வலி ஏறிவிட்டால் கூந்தலில் போட்ட கிளிப்பைக்கூடக் கழற்றிவிட வேண்டியிருக்கிறதாம், தலையணை பட்டாலும் தாங்காதாம். வாந்தி எடுத்துவிட்டு இருட்டறையில் படுத்தால் மறுநாள்தான் எழுந்திருக்கிறார். மாதத்தில் ஏழெட்டு நாள் இப்படிப் போகிறது.

பல வருடங்களாக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தது எர்காட்டமைன், காபீன், பாராசிட்டமால் எல்லாம் கலந்த கூட்டு மாத்திரை. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நரம்பியல் மருத்துவர் ரிசாட்ரிப்டான் 10 மி.கி. எழுதிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் காலையில் பழைய மாத்திரையைப் போட்டும் கேட்காததால், மதியம் இந்தப் புது மாத்திரையைப் போட்டிருக்கிறார். அரை மணி நேரத்தில் தொண்டையும் தாடையும் இறுகி, நெஞ்சில் ஏதோ வைத்து அழுத்துவது போல் இருந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அது அடங்கிவிட்டது, தலைவலியும் போய்விட்டது. ஆனால், "எங்கள் அப்பா 54 வயதில் மாரடைப்பில் போனவர், அதனால் வீட்டில் எல்லோரும் நடுங்கிவிட்டோம்" என்கிறார். அன்றிலிருந்து அந்த அட்டை பீரோவுக்குள் போய்விட்டது. உயிர் போகிற வலி வந்தால் மட்டும் எடுத்துப் போடுகிறார், அப்போது பாதி தடவை அது கேட்பதே இல்லை.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு செய்திகள் சொல்லியிருக்கிறார். படபடப்புக்காகக் குடும்ப மருத்துவர் கொடுத்த புரோப்ரனலால் 20 மி.கி. மாத்திரையைக் காலையும் இரவும் ஒரு வருடமாக எடுத்து வருகிறார். "அது வேறு பிரச்சினைக்குத்தானே" என்று நரம்பியல் மருத்துவரிடம் சொல்லவில்லை. இன்னொன்று, 51 வயதான அண்ணனுக்குச் சமீபத்தில் தலைவலி வரத் தொடங்க, அவருக்கும் ஒரு ரிசாட்ரிப்டான் கொடுத்திருக்கிறார். அவருக்கு அது உடனே கேட்டிருக்கிறது, அதனால் அவருக்கும் மைக்ரேன்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

இந்த மாத்திரை இதயத்தைக் கெடுக்குமா, பழகிவிட்டால் விட முடியாமல் போகுமா, தாங்க முடியாதபோது மட்டும் போடுவதுதானே நல்லது என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரி,

நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் நீங்கள் பயப்படும் இடம் ஒன்று, ஆபத்து இருக்கும் இடம் வேறொன்று. மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து உங்களுக்குப் பொருத்தமான வகைதான். அதோடு சேர்ந்த மற்ற மாத்திரைகளும், அதைப் போட்ட நேரமும்தான் சரியில்லை.

முதலில் ஒரு வேண்டுகோள். இந்தப் பதிலைப் படித்த பிறகு ஒரு மருத்துவரை நேரில் பார்க்கும்வரை ரிசாட்ரிப்டானையும் கடையில் வாங்கும் அந்தக் கூட்டு மாத்திரையையும் தொடாதீர்கள். இடையில் வலி வந்தால், வந்தவுடனே பாராசிட்டமால் 1000 மி.கி. போடலாம். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா எதுவும் இல்லையென்றால் அதற்குப் பதில் நாப்ராக்ஸன் 500 மி.கி., ஏதாவது சாப்பிட்டுவிட்டு. ஒரு வாரம் பத்து நாள் இதை வைத்துச் சமாளிக்கலாம். புரோப்ரனலாலை மட்டும் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அப்படி நிறுத்தினால் படபடப்பும் இரத்த அழுத்தமும் எகிறும்.

அன்று உண்மையில் என்ன நடந்தது

ரிசாட்ரிப்டான் சாதாரண வலி மாத்திரை அல்ல. டிரிப்டான் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. இங்கிலாந்தில் பேட்ரிக் ஹம்ஃப்ரி தலைமையில் கிளாக்ஸோ நிறுவன ஆய்வாளர்கள் உருவாக்கிய சுமட்ரிப்டான்தான் இந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை; 1990களின் தொடக்கத்தில் புழக்கத்துக்கு வந்தது. இன்று உலகில் ஏழு டிரிப்டான்கள் இருக்கின்றன. பல் வலிக்கோ மூட்டு வலிக்கோ இவை உதவாது. மைக்ரேன் வரும்போது முகத்துக்கும் மூளையின் உறைக்கும் உணர்வு தரும் ட்ரைஜெமினல் நரம்பின் நுனிகளிலிருந்து சி.ஜி.ஆர்.பி. என்ற புரதம் கசிகிறது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வலிச் செய்தி மூளைக்கு ஓடுகிறது. செரட்டோனின் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களான ஏற்பிகளில் போய் உட்கார்ந்து அந்தக் கசிவைத் தடுத்து, விரிந்த குழாய்களைச் சுருக்கி, வலிச் செய்தியையும் மட்டுப்படுத்துவது டிரிப்டானின் வேலை.

குழாயைச் சுருக்குவது என்ற இந்த ஒன்றில்தான் கவனம் வேண்டியிருக்கிறது. தலையில் செய்வது போல் அவ்வளவு பலமாக இல்லாவிட்டாலும், இதயத்தின் குழாய்களையும் இது சற்றுச் சுருக்கும். நல்ல இதயம் அதைப் பொருட்படுத்தாது. ஏற்கனவே அடைப்பு இருக்கும் இதயத்துக்கு அது ஆகாது.

உங்களுக்கு வந்த இறுக்கத்தை எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். டிரிப்டான் போட்ட சிலருக்குத் தொண்டை, தாடை, கழுத்து, நெஞ்சு இறுகுவது போலிருக்கும்; சிலருக்கு உடம்பு சூடாகி, விரல் நுனிகள் ஜிவ்வென்று இருக்கும். அந்த நேரத்தில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானோருக்கு எந்த மாற்றமும் தெரியாது. சிறிது நேரத்தில் தானே அடங்கிவிடும். உங்களுக்கு நடந்ததும் அதுவாகவே இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆனால் கடிதத்தை வைத்துக்கொண்டு "அதேதான்" என்று நான் முடித்துவிட மாட்டேன். அன்று காலை நீங்கள் போட்டது எர்காட்டமைன். அதுவும் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்துதான், டிரிப்டானைவிட முரட்டுத்தனமாக, அதிக நேரத்துக்கு. எர்காட்டமைன் போட்ட 24 மணி நேரத்துக்குள் எந்த டிரிப்டானும் போடக் கூடாது. டிரிப்டான் போட்டால் அடுத்த 24 மணி நேரத்துக்கு எர்காட்டமைன் கூடாது. இரண்டும் சேர்ந்தால் சுருக்கத்தின் மேல் சுருக்கம். கடையில் "தலைவலி மாத்திரை" என்று கேட்டு வாங்குபவர்களில் எத்தனை பேருக்கு உள்ளே எர்காட்டமைன் இருப்பது தெரியும்? தெரியாமல் இரண்டையும் போட்டவர் நீங்கள் ஒருவர் மட்டுமல்ல. இனி எந்தத் தலைவலி அட்டையை வாங்கினாலும் பின்பக்கத்தைத் திருப்பி அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம் புரோப்ரனலால். இது உடம்பில் ரிசாட்ரிப்டான் சிதைவதைத் தாமதப்படுத்தும். நல்ல அளவில் புரோப்ரனலால் கொடுத்துச் சோதித்தபோது இரத்தத்தில் ரிசாட்ரிப்டான் சராசரியாக 70 சதவீதம் கூடியது. நீங்கள் எடுப்பது அதைவிடச் சிறிய அளவுதான். ஆனாலும் புரோப்ரனலால் எடுப்பவருக்கு ரிசாட்ரிப்டான் 5 மி.கி. மட்டுமே என்பது விதி. நீங்கள் போட்டதோ 10. உங்கள் நரம்பியல் மருத்துவர் மேல் தவறில்லை, அவருக்குத் தெரியாது. "வேறு பிரச்சினைக்கான மாத்திரை" என்று மருத்துவரிடம் ஒன்று கிடையாது சகோதரி. எல்லா மாத்திரையும் ஒரே இரத்தத்தில்தான் கலக்கிறது. சுமட்ரிப்டானுக்குப் புரோப்ரனலாலோடு இந்தப் பிரச்சினை இல்லை, அதனால் அவர் அதற்கு மாற்றவும் செய்யலாம்.

அப்பாவின் மாரடைப்பும் உங்கள் இதயமும்

தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், அதைப் பிள்ளைகளுக்கான எச்சரிக்கையாக நாங்கள் குறித்துக்கொள்வோம். அதற்காக டிரிப்டானே கூடாது என்று பொருள் இல்லை. பார்த்துவிட்டுத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, ஒரு இ.சி.ஜி. நான்கும் உள்ளூரிலேயே ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால், 38 வயதில், மாதவிடாய் நிற்காத, புகைப்பழக்கம் இல்லாத ஒரு பெண்ணுக்கு டிரிப்டான் கொடுக்க நான் தயங்க மாட்டேன். ஏதாவது சந்தேகம் வந்தால் இதய மருத்துவர் டிரெட்மில் சோதனை வரை போய்ப் பார்ப்பார். முதல் மாத்திரையைச் சில சமயம் எங்கள் முன்னாலேயே போடச் சொல்லி இ.சி.ஜி. பார்ப்பதும் உண்டு. உங்களுக்கு இருக்கும் பயத்துக்கு அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

யாருக்கு டிரிப்டான் அறவே கூடாது? மாரடைப்போ இதயக் குழாய் அடைப்போ வந்தவர்கள், பக்கவாதமோ சில நிமிடங்களில் சரியான சிறு பக்கவாதமோ வந்தவர்கள், கால் குழாய்களில் அடைப்பு உள்ளவர்கள், கட்டுக்குள் வராத இரத்த அழுத்தம் உள்ளவர்கள், மைக்ரேனின்போது ஒரு பக்கக் கை கால் செயலிழக்கும் வகையினர். இவர்களுக்கு இதயக் குழாயைச் சுருக்காத புதிய வகை மருந்துகள் வந்துவிட்டன. விலைதான் கூடுதல்.

ஒருவேளை மீண்டும் நெஞ்சில் அழுத்தம் வந்து, கூடவே வியர்த்துக்கொட்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, வலி இடது கைக்கு இறங்கினாலோ, கால் மணி நேரத்தில் குறையாவிட்டாலோ, "மாத்திரையால்தான்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். 108 கூப்பிடுங்கள்.

"தாங்க முடியாதபோது மட்டும்"

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தப்படுத்தியது இந்த வரிதான். என்னிடம் வருகிற பெண்களில் பலர், "முடிந்தவரை பொறுத்துக்கொள்வேன் டாக்டர், மாத்திரையே போட மாட்டேன்" என்று ஏதோ நல்ல பழக்கம் போலச் சொல்வார்கள். பிரசவ வலி முதல் முதுகு வலி வரை எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளப் பழக்கப்பட்டவர்கள். மைக்ரேனில் அந்தப் பொறுமைக்குக் கிடைப்பது தண்டனைதான்.

காரணம் சொல்கிறேன். பால் பொங்கி வரும் நொடியில் அடுப்பை அணைத்தால் அடங்கிவிடும். வழிந்து ஓடிய பிறகு அணைத்து என்ன பயன்? மைக்ரேனும் அப்படி. முதல் ஒரு மணி நேரத்தில் வலி நரம்பு நுனிகளில் இருக்கிறது. அங்கே டிரிப்டான் நன்றாக வேலை செய்யும். நேரம் போகப் போக மூளைக்குள் இருக்கும் வலிப் பாதைகளே தூண்டப்பட்டுவிடும். அந்தக் கட்டத்தில்தான் சாதாரணத் தொடுதலும் வலிக்கும்: சீப்பு பட்டால் வலிக்கும், கம்மல் உறுத்தும், கிளிப்பைக் கழற்றத் தோன்றும். நீங்கள் எழுதிய அதே கிளிப். அது கழன்ற பிறகு போடும் டிரிப்டானுக்கு வெற்றி வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, மைக்ரேன் நேரத்தில் இரைப்பையும் மந்தமாகிவிடும். மாத்திரை குடலுக்குப் போகாமல் வயிற்றிலேயே கிடக்கும், பிறகு வாந்தியில் வெளியே வரும். அதனால்தான் "பாதி தடவை கேட்பதே இல்லை". மருந்து தோற்கவில்லை, தோற்கும் நேரத்தில் அதை இறக்கிவிட்டிருக்கிறீர்கள்.

ஆகவே, மருத்துவர் மீண்டும் அனுமதித்த பிறகு, "இது வழக்கமான அந்தத் தலைவலிதான்" என்று தெரிந்த உடனே, வலி லேசாக இருக்கும்போதே போடுங்கள். அட்டை பீரோவில் இருந்தால் நடக்காது. இரண்டாம் பீரியடில் வலி தொடங்கினால் இரண்டாம் பீரியடிலேயே போட வேண்டும், கைப்பையில் இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை, போட்ட பிறகு தூக்கம் வரலாம். ஸ்கூட்டி ஓட்டுபவராக இருந்தால் முதல் சில தடவை வேறு யாராவது அழைத்துப் போகட்டும்.

கண்ணெதிரே கோடுகள் மின்னும் நாளில் மட்டும் சற்றுப் பொறுங்கள். கோடு தெரியும்போது போடுவதால் வலி வராமல் நிற்பதில்லை, வலி தொடங்கியதும் போடுங்கள். அந்தக் கோடுகளைப் பற்றி மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அப்படிக் கோடு தெரியும் மைக்ரேன் உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுக்கக் கூடாது, பக்கவாத ஆபத்து கூடும்.

போட்ட மாத்திரைக்கு வலி போய், அதே நாளில் திரும்பி வந்தால் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விட்டு இன்னொன்று போடலாம். முதல் மாத்திரை கொஞ்சமும் கேட்கவில்லையென்றால், அதே வலிக்கு இரண்டாவதும் கேட்காது, போடாதீர்கள். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எவ்வளவு என்பதைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நேரத்தோடு போட்டும் இரண்டு மூன்று முறை பலனில்லையென்றால் டிரிப்டானே ஒத்துவராது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒன்று கேட்காதவருக்கு இன்னொன்று கேட்கும். நாப்ராக்ஸனோடு சேர்த்துப் போட்டால் பலன் கூடுகிறது, வலி திரும்பி வருவதும் குறைகிறது. வாந்திக்கு டாம்பெரிடோன் போன்றதையும் சேர்த்துத் தருவார்கள்.

நாக்கில் கரையும் மாத்திரை வேகமாக வேலை செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் போடலாம் என்ற வசதிதான் அதில் உண்டு, அதுவும் வயிற்றுக்குள் போய்த்தான் உடம்பில் சேர வேண்டும். எழுந்ததுமே வாந்தியோடு தொடங்கும் நாட்களுக்கு மூக்கில் அடிக்கும் ஸ்பிரே, தோலுக்கடியில் போடும் சுமட்ரிப்டான் ஊசி இருக்கின்றன. ஊசி பத்துப் பதினைந்து நிமிடத்தில் வேலையைத் தொடங்கிவிடும்.

பழக்கமாகிவிடுமா?

மது, புகையிலை போல மனம் ஏங்கும் பழக்கம் இதில் வராது. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. டிரிப்டானையோ எர்காட்டமைனையோ கூட்டு மாத்திரைகளையோ மாதத்தில் 10 நாள் அல்லது அதற்கு மேல் மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால், மாத்திரையே தலைவலியை வரவழைக்கத் தொடங்கும். வெறும் பாராசிட்டமாலுக்கு இந்த எல்லை 15 நாள். நேரத்தோடு போடுங்கள் என்று சொன்ன அதே வாயால், அடிக்கடி போடாதீர்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முரணாகத் தோன்றினாலும் இரண்டும் உண்மை. வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பால் கணக்கு எழுதுகிற மாதக் காலண்டரிலேயே எழுதுங்கள். தலைவலி வந்த நாளுக்கு ஒரு வட்டம், மாத்திரை போட்ட நாளுக்கு அதன் பெயர், மாதவிலக்கு நாளுக்கு ஒரு குறி. தலைக்குக் குளித்த நாள், சாப்பாடு தள்ளிப்போன நாள், விடைத்தாள் திருத்தக் கண்விழித்த நாள் தெரிந்தால் அதையும். தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் வீடுகளில் சொல்வது வெறும் நம்பிக்கை அல்ல, இந்தியப் பெண்களிடம் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கும் தூண்டுதல்தான். பெரிய கோப்புகளைவிட இரண்டு மாதக் காலண்டர் தாள் எங்களுக்கு அதிகம் உதவும்.

மாதம் ஏழெட்டு நாள் வலி என்பதால், வந்த பின் போடும் மருந்து மட்டும் உங்களுக்குப் போதாது. வராமல் தடுக்கும் மருந்து தினமும் வேண்டும். அது ஏற்கனவே உங்கள் கையில் இருக்கிறது! படபடப்புக்குக் கொடுத்த புரோப்ரனலால் மைக்ரேனைத் தடுக்கும் முதல் வரிசை மருந்துகளில் ஒன்று. நீங்கள் எடுப்பது நாளைக்கு 40 மி.கி.; மைக்ரேனுக்கு வழக்கமாக 80 முதல் 160 வரை தேவைப்படும். நீங்களாகக் கூட்டாதீர்கள். அந்தப் பேச்சை எடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் அண்ணன்

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். 51 வயது ஆண், அதே அப்பாவின் பிள்ளை. இரத்த அழுத்தம் எவ்வளவு, சர்க்கரை உண்டா, புகைப்பாரா என்று எதுவும் தெரியாமல் அவருக்கு டிரிப்டான் கொடுத்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் கேட்ட அத்தனை சோதனையும் அவருக்கு முன்பே தேவை. அன்று ஒன்றும் ஆகாதது நல்ல காலம்.

"உடனே கேட்டது, அப்படியானால் அவருக்கும் மைக்ரேன்தான்" என்று நீங்கள் முடிவு செய்திருப்பதும் சரியல்ல. டிரிப்டான் கேட்பதை வைத்து நோயைச் சொல்ல முடியாது. மூளையில் இரத்தக்கசிவால் வந்த தலைவலிகூடச் சிலருக்கு டிரிப்டானால் தற்காலிகமாகக் குறைந்ததுண்டு. 20 வயதில் தொடங்கி ஒரே மாதிரி வரும் உங்கள் வலி வேறு, 50 தாண்டி முதல்முறையாக வரும் வலி வேறு. பின்னதை மைக்ரேன் என்று சொல்வதற்கு முன் நாங்கள் பரிசோதித்து, தேவைப்பட்டால் ஸ்கேனும் எடுப்போம். இந்த வாரமே அவரை ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போய் முதலில் இரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் மாத்திரை ஒன்றைப் போட்டதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். இடையில் இடி விழுந்தது போல் திடீரென்று உச்ச வலி வந்தாலோ, காய்ச்சலும் கழுத்து இறுக்கமும் சேர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை கால் தளர்ந்தாலோ, வாரம் முடியக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.